அண்ணாந்து பார்க்கவும் அனுமதி வேண்டுமா?

சென்ற நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாலை ஐந்து மணி இருக்கும். ஒரு காவல் நிலையத்திலிருந்து எனக்கு போன் வந்தது. எங்கள் மாலை நேரப் பயிலகத்தில் படிக்கும் இரண்டு பையன்களை அங்கே உட்கார வைத்திருப்பதாகச் சொன்னார்கள். ஒருவன் பத்தாம் வகுப்பு, இன்னொருவன் எட்டாம் வகுப்பு. என்ன செய்தார்கள் என்று கேட்டேன். "ஏர்போர்ட் காம்பவுண்டு பக்கம் நின்னு பிளேன் நம்பர் எழுதிக்கிட்டு இருந்தானுங்க. வந்து என்னன்னு பாருங்க" என்றார் போனில் பேசிய காவலர்.

போனேன். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய நோட்டு மேசை மேல் கிடந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஆறு கட்டம் பிரித்த நீள நோட்டு. தேதி, நேரம், பதிவெண், விமான வகை, நிறுவனம், எந்தப் பக்கமிருந்து வந்தது. ஜூலை மாதத்திலிருந்து எழுதியது. நாற்பது பக்கத்துக்கு மேல் இருக்கும். நான் அடையாள அட்டையைக் காட்டினேன். பயிலகத்தைப் பற்றிச் சொன்னேன். பிள்ளைகள் விமானம் பார்ப்பதும் அதைக் குறித்து வைப்பதும் உலகம் முழுக்க இருக்கிற பொழுதுபோக்கு என்று சொன்னேன். அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகவே கேட்டார். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சரி மேடம். இவனுங்களுக்கு எதுக்கு இது?"

இனிமேல் அந்த இடத்தில் நிற்க மாட்டோம் என்று ஒரு தாளில் எழுதச் சொன்னார்கள். பையன்கள் எழுதினார்கள். பொறுப்பாளர் என்ற முறையில் நான் கீழே கையெழுத்துப் போட்டேன். இரவாகிக்கொண்டிருந்தது. இரண்டு பேரின் அம்மாக்களும் வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். பையன்கள் வீட்டுக்குப் போனால் போதும் என்று தோன்றியது. போட்டுவிட்டேன். அந்தக் கையெழுத்தை நான் திரும்பப் பெறுகிறேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அன்று மதியம் அந்த இடத்தில் நடந்ததைப் பெரியவன் பிறகு சொன்னான். அதே சாலையோரத்தில், அதே நேரத்தில் இன்னும் நான்கு பேர் நின்றிருக்கிறார்கள். கையில் நீளமான லென்ஸ் மாட்டிய கேமராக்கள், பக்கத்தில் நல்ல பைக்குகள். ரோந்து வண்டி வந்து நின்றிருக்கிறது. காவலர் அந்த நால்வரிடம் "போட்டோவா சார்? பார்த்து, வண்டி வர்ற இடம்" என்று சொல்லியிருக்கிறார். பிறகு பையன்கள் பக்கம் திரும்பி "எந்த ஏரியாடா?" என்று கேட்டிருக்கிறார். அவர்கள் எங்கள் குடியிருப்பின் பெயரைச் சொன்னார்கள். "வண்டியில ஏறு."

அந்த நால்வர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர்களில் ஒருவர்தான் பெரியவனுக்குப் பதிவெண்ணை எப்படிப் படிப்பது என்று சொல்லிக் கொடுத்தவர். அன்றும் "தெரிஞ்ச பசங்கதான், அடிக்கடி வருவாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்திருக்கிறார். எடுபடவில்லை. கேமராவும் நோட்டும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தன. பார்த்தால், கேமராதான் அதிகமாகப் பதிவு செய்கிறது. ஆனால் காவலர் பார்த்தது கருவியை அல்ல, முகவரியை.

விமானம் பார்ப்பது என்றால் என்ன என்று தெரியாத தோழர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். விமான நிலையத்தின் வேலிக்கு வெளியே, பொது இடத்தில் நின்றுகொண்டு, வருகிற போகிற விமானங்களை அடையாளம் கண்டு குறித்து வைப்பார்கள். வண்டிக்கு நம்பர் பிளேட் போல ஒவ்வொரு விமானத்துக்கும் பதிவெண் உண்டு. அதன் முன்னெழுத்தை வைத்து எந்த நாட்டில் பதிவானது என்று சொல்லிவிடலாம். ஏ6 என்றால் ஐக்கிய அரபு அமீரகம், 9வி என்றால் சிங்கப்பூர், 4ஆர் என்றால் இலங்கை, என் என்றால் அமெரிக்கா. இந்தியாவுக்கு வி.டி.

வகையைக் கண்டுபிடிப்பது தனிப் படிப்பு. இறக்கை உடம்புக்கு மேலே இருந்து, இரண்டு பக்கமும் புரொப்பல்லர் சுற்றினால் அது ஏடிஆர். போயிங் 737இன் இன்ஜின் அடிப்பக்கம் கொஞ்சம் தட்டையாக இருக்கும். ஏர்பஸ் 320க்கு வட்டமாக இருக்கும். போயிங் 787இன் இன்ஜின் பின்விளிம்பு ரம்பப் பல் மாதிரி வளைந்து வளைந்து போகும். போயிங் 777க்கு இறக்கைக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு காலிலும் ஆறு சக்கரம். எங்கள் சின்னவன் இதையெல்லாம் யாரும் பாடமாக நடத்தாமலே கற்றுக்கொண்டான். ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிக்கச் சிரமப்பட்ட பிள்ளை, முன்னூறு அடி தூரத்தில் ஓடும் எழுத்துகளைப் படிக்கிறான்.

ஒருநாள் அவன் வந்து, "அக்கா, மழைக்காலத்துல மட்டும் பிளேன் நம்ம பக்கமிருந்து இறங்குது, வெயில் காலத்துல அந்தப் பக்கமிருந்து இறங்குது, ஏன்?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. நான் படித்தது சமூகவியல். இரண்டு பேரும் சேர்ந்து தேடினோம். விமானம் எதிர்காற்றில்தான் ஏறும், இறங்கும். சென்னையின் பெரிய ஓடுபாதைக்கு ஒரு முனையில் 07 என்றும் மறுமுனையில் 25 என்றும் எழுதியிருக்கும். ஏறக்குறைய 70 டிகிரி, 250 டிகிரி என்ற திசைகளின் சுருக்கம் அது. வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும்போது விமானங்கள் மேற்கே பம்மல், பொழிச்சலூர் பக்கமிருந்து வந்து இறங்கும். மேல்காற்று அடிக்கும் மாதங்களில் கிழக்கே பரங்கிமலை, ஆலந்தூர் பக்கமிருந்து வரும். பருவக்காற்றைப் பற்றி அவன் புத்தகத்தில் ஒரு பாடம் இருக்கிறது. அதை மனப்பாடம் செய்து பரீட்சையில் கோட்டைவிட்டவன் அவன். இப்போது ஓடுபாதையைப் பார்த்துக் காற்றுத் திசை சொல்கிறான்.

இன்னொரு நாள் வி.டி. என்றால் என்ன என்று கேட்டார்கள். வைஸ்ராயின் பிரதேசம் என்பதன் சுருக்கம் என்று பரவலாகச் சொல்வார்கள். பிரிட்டிஷ் பேரரசின் நாடுகளுக்கு வி எழுத்து வரிசை ஒதுக்கப்பட்ட காலத்தில் வந்த குறியீடு அது. இதை மாற்ற வேண்டும், அடிமைச் சின்னம் என்று நாடாளுமன்றத்திலேயே பேசியிருக்கிறார்கள் என்று சொன்னேன். பெரியவன் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டான்: "நம்ம அட்ரஸ்ல காலனின்னு வருதே, அது மாதிரியாக்கா?"

அது மாதிரிதான் தம்பி. அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தது 2025 ஏப்ரல் 29ஆம் தேதி. வரவேற்க வேண்டிய அறிவிப்புதான். ஆனால் ஏழு மாதம் கழித்து ஒரு ரோந்து வண்டிக்கு அந்தச் சொல் இல்லாமலே எல்லாம் புரிந்தது. தெருப் பெயர் ஒன்றே போதுமாக இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். காவல் நிலையத்தில் யாரும் எனக்கு ஒரு சட்டப் பிரிவையும் சொல்லவில்லை. 1937ஆம் ஆண்டின் விமான விதிகளில் 13ஆவது விதி அரசு விமான நிலையத்தில் வைத்தும், பறக்கும் விமானத்திலிருந்தும் அனுமதியில்லாமல் படம் எடுப்பதைத் தடுக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து விதி. அதிலும் வெளியே பொதுச் சாலையில் நின்று அண்ணாந்து பார்ப்பதைப் பற்றியோ, பென்சிலால் நோட்டில் எழுதுவதைப் பற்றியோ எதுவும் இல்லை. அவர்கள் எழுதிய விவரம் ரகசியமும் இல்லை. எந்த விமானம் எங்கே பறக்கிறது என்பதை பிளைட்ரேடார்24 என்ற செயலியில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். விமானங்கள் தாமே ஒலிபரப்பும் சிக்னலை ஆர்வலர்கள் தங்கள் வீட்டு மாடிகளில் சின்னச் சின்னக் கருவிகளை வைத்துப் பிடித்து அனுப்புகிறார்கள். அதைக் கொண்டு நடப்பதுதான் அந்தச் சேவை. ஸ்வீடனில் இரண்டு பேர் பொழுதுபோக்காக ஆரம்பித்தது. அங்கே அது பொழுதுபோக்கு. இங்கே எங்கள் பிள்ளை பென்சிலால் செய்தால் சந்தேகம்.

இந்தச் சந்தேகம் இந்தியாவில் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். 2001 நவம்பரில் கிரீஸ் நாட்டின் கலமாட்டா விமானப்படைத் தளத்தில் 12 பிரிட்டிஷ்காரர்களையும் 2 டச்சுக்காரர்களையும் உளவாளிகள் என்று பிடித்தார்கள். செய்த குற்றம், விமானம் பார்த்து எண் எழுதியது. 2002 ஏப்ரலில் தண்டனையும் கொடுத்தார்கள். நவம்பரில் மேல்முறையீட்டில் எல்லாரும் விடுதலையானார்கள். வித்தியாசத்தைக் கவனியுங்கள். அவர்கள் நின்றது ராணுவத் தளம். அவர்களுக்காக அவர்கள் நாட்டு அரசு பேசியது, பத்திரிகைகள் முதல் பக்கத்தில் எழுதின. எங்கள் பையன்கள் நின்றது எல்லாரும் நடக்கும் சாலை. அவர்களுக்காகப் பேச வந்தவள் நான் ஒருத்தி. நானும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

பொதுச் சாலை என்ற சொல்லை நாம் சாதாரணமாகக் கடந்து போகக் கூடாது. எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் எவரும் நடக்கலாம், பொதுக் கிணற்றையும் குளத்தையும் எவரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்தது 1924இல். நூறு ஆண்டு தாண்டிவிட்டது. அரசியலமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், சாலை, பொது இடம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதி வைத்திருக்கிறது. நடக்கிற உரிமையைப் பெற்றுவிட்டோம் என்று நினைக்கிறோம். நின்று பார்க்கிற உரிமை இன்னும் வந்து சேரவில்லை. வேலைக்குப் போகிற வேகத்தில் நடந்தால் நம்மை யாரும் கேட்பதில்லை. வேலை எதுவும் இல்லாமல், சந்தோஷத்துக்காக ஒரு இடத்தில் நின்றால்தான் கேள்வி வருகிறது. "உனக்கு இங்க என்ன வேலை?"

சின்னவனின் அம்மா விமானத்துக்குள் தினமும் ஏறி இறங்குகிறவர். ஒப்பந்த நிறுவனத்தில் துப்புரவு வேலை. பயணிகள் இறங்கியதும் சீட்டுக்கு அடியில் குப்பை பொறுக்கி, கழிவறையைக் கழுவி, அடுத்த கூட்டம் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும். அவர் இதுவரை ஒரு தடவைகூட விமானத்தில் பறந்ததில்லை. அவருடைய நுழைவு அட்டைக்குக் காவல்துறைச் சரிபார்ப்பு உண்டு. அதில் சந்தேகம் வரவில்லை. கழிவறை கழுவ விமானத்துக்குள் போகிற அம்மாவை நம்புகிற அமைப்புதான், வேலிக்கு வெளியே நின்று அதே விமானத்தைப் பார்க்கிற மகனைப் பிடித்துத் தரையில் உட்கார வைக்கிறது. சாதி எங்கே இருக்கிறது என்று கல்லூரியில் உங்களிடம் கேட்கிறவர்களுக்கு இந்த அம்மாவையும் மகனையும் சொல்லுங்கள்.

காவல்துறையைத் திட்டிவிட்டு முடிக்க எனக்கும் வசதிதான். ஆனால் அந்தக் கேள்வியை நான் இன்னொரு வாயிலிருந்தும் கேட்டேன். அடுத்த வாரம் எங்கள் அமைப்பின் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னபோது, நான் மிகவும் மதிக்கும் மூத்த தோழர் ஒருவர் வருத்தத்தோடு சொன்னார். "தோழர், ஆணவக்கொலை நடக்குது, மலக்குழியில ஆள் சாகுது. நம்ம பிள்ளைங்களுக்கு எதுக்கு இந்தப் பிளேன் விளையாட்டு? இது வசதியானவன் பொழுதுபோக்கு."

வார்த்தைக்கு வார்த்தை பாருங்கள். 'இவனுங்களுக்கு எதுக்கு இது?' 'நம்ம பிள்ளைங்களுக்கு எதுக்கு இது?' ஒன்று வெறுப்பிலிருந்து வருகிறது, இன்னொன்று அக்கறையிலிருந்து வருகிறது. வந்து சேருகிற இடம் ஒன்றுதான். நம் பிள்ளைகளுக்கு என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். அதற்குள் பசி இருக்கலாம், கோபம் இருக்கலாம், போராட்டம் இருக்கலாம். ஒரு பொருளின் மீது காரணமில்லாத ஆசை இருக்கக் கூடாது.

மகாத் குளத்தை நினைத்துப் பாருங்கள். 1927 மார்ச் 20ஆம் தேதி அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்துபோய்ச் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். அந்தத் தண்ணீரைக் குடிக்காவிட்டால் செத்துப் போவோம் என்று யாரும் போகவில்லை. மற்றவர்களைப் போல நாமும் மனிதர்கள் என்று நிலைநாட்டப் போனார்கள் என்பதை அவரே விளக்கியிருக்கிறார். தேவையை மட்டும் அளவுகோலாக வைத்திருந்தால் மகாத் நடந்திருக்காது. "உங்க தெருவுலயே கிணறு தோண்டித் தர்றோம், அந்தக் குளம் உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டால் வாயடைத்துப் போயிருப்போம். வானமும் அப்படித்தான். அது பொதுக் குளம்.

மூத்த தோழருக்கு இன்னொரு பதிலும் வைத்திருக்கிறேன். விமானத்தின் எண்ணை எழுதுவது வெறும் விளையாட்டு என்று நினைத்தால், 2004 ஜனவரியில் நடந்ததைக் கேளுங்கள். காலித் அல்-மஸ்ரி என்ற ஜெர்மன் குடிமகன். லெபனான் வம்சாவளி. அவரை மாசிடோனியாவில் பிடித்து, ஒரு ஓட்டலில் 23 நாள் அடைத்து வைத்து, அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. கையில் ஒப்படைத்தார்கள். ஸ்கோப்யே விமான நிலையத்திலிருந்து ஆப்கானிஸ்தானுக்குக் கொண்டுபோய் மாதக்கணக்கில் சித்திரவதை செய்தார்கள். கடைசியில் ஆள் மாறாட்டம் என்று தெரிந்து மே மாதம் அல்பேனியாவில் ஒரு சாலையில் இறக்கிவிட்டார்கள். அவர் சொன்னதை முதலில் யார் நம்புவார்கள்?

அவரை ஏற்றிப்போன போயிங் 737இன் பதிவெண் என்.313.பி. அதே விமானத்தை அதே மாதம் ஸ்பெயினின் பால்மா விமான நிலையத்தில் ஒரு சாதாரண ஆர்வலர் படம் எடுத்து வைத்திருந்தார். பொழுதுபோக்குக்காக எடுத்த படம். இப்படிப் பல நாடுகளில் வேலியோரம் நின்றவர்கள் எடுத்த படங்களும் எழுதிய எண்களும் பறப்புப் பதிவுகளோடு சேர்ந்தபோதுதான், ஆட்களைக் கடத்திச் சித்திரவதைக்கு அனுப்பிய ரகசிய விமானங்களின் வலை வெளியே வந்தது. பத்திரிகையாளர்களும் ஐரோப்பிய விசாரணைகளும் அந்தப் படங்களையும் எண்களையும் பயன்படுத்தினார்கள். 2012 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் மாசிடோனியாவைப் பொறுப்பாளி என்று தீர்ப்பளித்தது. வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று கேலி செய்யப்பட்டவர்களின் நோட்டு சாட்சியானது. உண்மை அறியும் குழுவில் போய் உட்காரும் தோழர்களே, சம்பவம் நடப்பதற்கு முன்பே பதிவு செய்து வைக்கும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி எது?

நம் ஊருக்கே வருவோம். வேலியோரம் நின்று பார்க்கிறவன் விமானத்தை மட்டும் பார்ப்பதில்லை. சென்னையின் இரண்டாவது ஓடுபாதையை நீட்ட இடம் போதாமல் அடையாறு ஆற்றின் மேல் பாலம் கட்டினார்கள். விமானம் அந்தப் பாலத்தின் மேல் ஓடுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்து, விமானங்கள் தண்ணீரில் நின்று, சில நாட்கள் நிலையமே மூடிக் கிடந்தது. மறுபடி திறந்தார்கள். ஓடுபாதையை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்லவில்லை. அதே ஆற்றின் கரையில், விமானச் சத்தம் கேட்கும் தூரத்தில் இருக்கிறது அனகாபுத்தூர். அங்கே பல பத்தாண்டுகளாக இருந்த ஏழைகளின் வீடுகளை 2025 மே மாதம் ஆக்கிரமிப்பு என்று சொல்லி இடித்தார்கள். ஆற்றின் மேலேயே நிற்கிற கான்கிரீட் வளர்ச்சி. ஆற்றங்கரையில் இருக்கிற ஓட்டு வீடு ஆக்கிரமிப்பு. இந்தப் பாடத்தை எந்த வகுப்பறையிலும் நடத்த முடியாது. அந்த வேலியோரம் நின்றால் ஒரே பார்வையில் புரிந்துவிடும்.

அடுத்து பரந்தூர். 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். 13 கிராமங்கள். வயல், ஏரி, வாய்க்கால் எல்லாம் திட்டத்துக்குள். ஏகனாபுரம் மக்கள் நூற்றுக்கணக்கான நாட்கள் விடாமல் போராடினார்கள், கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டார்கள். அரசு திரும்பத் திரும்பச் சொல்லும் காரணம், மீனம்பாக்கத்தில் இனி இடமில்லை என்பது. இதை நாம் எப்படிப் பேசுகிறோம்? ஆதரிக்கிறவர்கள் சொல்லும் எண்ணை அவர்கள் சொல்கிறார்கள். எதிர்க்கிறவர்கள் கோஷம் போடுகிறோம். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை விமானம் இறங்குகிறது, எந்த நேரம் நெருக்கடி, எந்த நேரம் ஓடுபாதை காலியாகக் கிடக்கிறது, இரண்டாவது ஓடுபாதை எத்தனை நாள் உபயோகத்தில் இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை மாலைகளைப் பற்றி மட்டுமாவது எங்கள் பையன்களுக்குத் தெரியும். நோட்டில் இருக்கிறது. அது ஒரு ஆய்வறிக்கை ஆகாது. ஆனால் அதிகாரி சொல்லும் எண்ணுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நிற்காமலிருக்க அது முதல் படி.

"விமான நிலையத்தை எதிர்த்துக்கொண்டு விமானத்தை ரசிக்கிறாயா?" என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். ஆமாம், ரசிக்கிறேன். ரயிலை நேசிக்கிறவர், ரயில் பாதைக்காகக் குடிசையை இழந்தவருக்கு நியாயம் கேட்கக் கூடாதா? இயந்திரம் யாருடைய பரம்பரைச் சொத்தும் இல்லை. அது மனித உழைப்பு, மனித அறிவு. அதை ஒரு சிலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, நமக்கு இழப்பீட்டுப் பட்டியலை மட்டும் வைத்துக்கொள்வது என்ன அரசியல்? நிலத்தைப் பறிக்காதே என்று சொல்லும் அதே வாயால் காக்பிட்டில் எங்களுக்கும் இடம் கொடு என்றும் கேட்போம்.

அந்த இடத்துக்கான வழி சும்மா திறந்து கிடக்கவில்லை என்பதும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். விமானி உரிமப் பயிற்சிக்குப் பல லட்சம் ரூபாய் வேண்டும். ஆனால் விமானி மட்டுமே விமானத்துறை இல்லை. விமானப் பராமரிப்புப் பொறியாளர் இருக்கிறார். விமானங்களுக்கு வானில் வழி சொல்லும் வான்வழிப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரி இருக்கிறார். அவரைத் தேர்ந்தெடுப்பது இந்திய விமான நிலைய ஆணையம். பொதுத்துறை நிறுவனம், இட ஒதுக்கீடு உண்டு. இயற்பியலும் கணிதமும் படித்த பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாம். எங்கள் குடியிருப்பில் இந்த வேலையின் பெயரையே யாரும் கேள்விப்பட்டதில்லை. பெரியவன் பதினோராம் வகுப்பில் கணிதம் எடுக்கிறேன் என்று சொன்னது அந்த நோட்டினால்தான். நிலையங்களை ஒவ்வொன்றாகத் தனியாருக்குக் குத்தகைக்கு விடும்போது, அங்கே உருவாகும் வேலைகளில் இட ஒதுக்கீடு சத்தமில்லாமல் காணாமல் போகிறது என்பதையும் அவன் தெரிந்துகொண்டுதான் வளர வேண்டும்.

இப்போது இளைய தோழர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் மதுரையோ திருச்சியோ கோவையோ தூத்துக்குடியோ இருக்கலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் யோசித்துப் போங்கள். தாம்பரம், சூலூர், தஞ்சாவூர், அரக்கோணம் மாதிரி ராணுவத் தளங்களின் பக்கம் போக வேண்டாம். அங்கே சட்டம் வேறு. ராணுவமும் சேர்ந்து பயன்படுத்தும் நிலையங்களில் கேமராவைத் தவிருங்கள். வேலியைத் தொடாதீர்கள், ஏறாதீர்கள். டிரோன் கூடவே கூடாது. லேசர் விளக்கு கூடாது. சாலையில் வண்டிகளுக்கு இடைஞ்சல் இல்லாமல் நில்லுங்கள். பிள்ளைகளைத் தனியாக அனுப்பாதீர்கள். பெரியவர் ஒருவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும். அன்று நான் கூடப் போகாதது என் தவறு.

காவலர் வந்தால் மரியாதையாகப் பேசுங்கள். பெயரைச் சொல்லுங்கள். எந்தச் சட்டப்படி தடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையை லாக்கப்பில் வைக்க இளைஞர் நீதிச் சட்டம் 2015 அனுமதிக்கவில்லை. பொதுப் பார்வையில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். எதையும் எழுதிக் கொடுக்கும் முன் ஒரு வழக்கறிஞருக்கு போன் செய்யுங்கள். நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் அன்றன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள். நோட்டு போனாலும் பதிவு போகாது.

எங்கள் நோட்டு திரும்பக் கிடைத்தது. ஆனால் இரண்டு வாரம் சின்னவன் பயிலகத்துக்கு வரவில்லை. வந்த பிறகும் தலைக்கு மேலே சத்தம் போகும்போது நிமிர்ந்து பார்க்காமல் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய அம்மா "வேணாம்மா, அவன் படிச்சா போதும்" என்றார். ஒரு பிள்ளையின் தலையைக் குனிய வைக்க லத்தி தேவையில்லை. மூன்று மணி நேரத் தரையும் ஒரு தாளும் போதும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அந்தத் தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது என்பதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

வழக்கறிஞர் தோழர் ஒருவரோடு சேர்ந்து ஒரு மனு எழுதியிருக்கிறோம். எந்தச் சட்டத்தின்படி சிறுவர்களை அழைத்துப் போனார்கள், எந்தச் சட்டத்தின்படி எழுதி வாங்கினார்கள் என்று அதில் கேட்டிருக்கிறோம். பதில் வந்தால் இங்கே எழுதுகிறேன். வராவிட்டாலும் எழுதுகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்று மணிக்கு அதே சாலையோரம் போகிறோம். அம்மாக்களோடு பேசியாகிவிட்டது. இந்தத் தடவை பிள்ளைகள் பதினோரு பேர், பெரியவர்கள் நான்கு பேர். பெண் பிள்ளைகளும் வருகிறார்கள். சின்னவன் இன்னும் வருகிறேன் என்று சொல்லவில்லை. புது நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தது மட்டும் அவன்தான். ஏழாவதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறான். 'கூட இருந்தவர்கள்' என்று அதற்குத் தலைப்பு எழுதியிருக்கிறான்.

அந்தக் கட்டத்தில் உங்கள் பெயரும் வர வேண்டும் தோழர்களே. வாருங்கள்.

ஜெய் பீம்.